நேத்து ஓடுச்சே!

"நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்துச்சுங்க."

கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன் வாழ்க்கையில் அதிகம் கேட்கிற வசனம் இதுதான். டீக்கடையில் கேட்பார்கள். கல்யாணப் பந்தியில், ரசம் ஊற்றும்போது கேட்பார்கள். ஒரு பல் டாக்டர் என்னை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, கையில் குறட்டோடு இதைச் சொன்னார். பதில் சொல்ல முடியாத நிலையில் இருந்ததால் தப்பித்தேன்.

மற்றவர்கள் சொன்னால் நமக்கு உள்ளுக்குள் ஓர் இளக்காரம். "நேத்து ஓடி இன்னிக்கு ஓடலைன்னா, நடுவுல நீங்க எதையோ மாத்தியிருக்கீங்க சார்" என்று பெரிய வைத்தியர் மாதிரி சொல்வோம். அதே வசனத்தை நானே, நாற்பது பேர் முன்னால், வியர்வை வழிய நின்று சொன்ன ஒரு சனிக்கிழமையைப் பற்றித்தான் இந்த வாரம்.

எங்கள் ஊர் பனமரத்துப்பட்டி. சேலத்திலிருந்து டவுன் பஸ் தூரம். ஒரு காலத்தில் சேலத்துக்கே குடிதண்ணீர் கொடுத்த ஏரி இங்கேதான் இருக்கிறது. இப்போது ஊருக்குப் பேர் வாங்கித் தருவது அரளிப்பூ. வெள்ளை, சிவப்பு, ரோஸ். மொட்டாக இருக்கும்போதே பறித்து, விடிகிற நேரத்துக்குக் கிலோக் கணக்கில் எடை போட்டாக வேண்டும். விலை தினத்துக்கு ஒன்று. நாளைக்குத் திருவிழா என்றால் ஏறும். திருவிழா முடிந்த மறுநாள், சாமியே கேட்டாலும் இறங்கித்தான் இருக்கும்.

எனக்கு சேலத்தில் ஆபீஸ் உத்தியோகம். ஊரில் ஒரு பூ மண்டிக்கு, தெரிந்தவர் என்பதற்காக, கணக்கு புரோகிராம் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். சம்பளம் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் சாமி படத்துக்கு மாலை இலவசம். நான் பார்த்த வேலைகளிலேயே உருப்படியாக வீட்டுக்கு ஏதாவது வந்தது இந்த ஒன்றில்தான் என்பது என் மனைவியின் அபிப்பிராயம்.

புரோகிராம் சிக்கலானது அல்ல. எடை போடுகிற பையன் தினமும் விவசாயியின் நம்பர், கிலோ, அன்றைய விலை மூன்றையும் அடிப்பான். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பட்டனைத் தட்டினால் ஆளுக்கொரு சீட்டு வரும். இத்தனை கிலோ, இத்தனை ரூபாய், கமிஷன் போக, கூடைக் கழிவு போக, கைக்கு இவ்வளவு. சீட்டைப் பார்த்து முதலாளி பட்டுவாடா செய்வார்.

எனக்கு முன்னால் அந்த வேலையை நாற்பது வருஷமாகச் செய்தவர் கணக்குப்பிள்ளை. வயது எழுபத்தைந்து. நீளமான சிட்டை நோட்டு, சட்டைப்பையில் பேனா. புரோகிராம் ஓட ஆரம்பித்த பெருமையில் நான் முதலாளியிடம், "இனிமே சிட்டை எதுக்குங்க? எல்லாம் உள்ளே இருக்குதுங்களே" என்று சொல்லிவிட்டேன். முதலாளி கொஞ்சம் யோசித்து, "அப்போ மாசி பொறந்ததும் பெரியவரை வீட்டுல இருந்துக்கச் சொல்லிரலாம்" என்றார். பெரியவர் பக்கத்தில்தான் இருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

2023 பிப்ரவரி 4, சனிக்கிழமை. மறுநாள் தைப்பூசம். பூவுக்கு நல்ல விலை. எல்லோருக்கும் கை நிறையக் காசு வரவேண்டிய நாள்.

அந்த வாரம்தான் முதலாளி புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். வெள்ளி இரவு நான் போய், கணக்குகள் இருக்கும் டேட்டாபேஸை அதற்கு மாற்றி, புரோகிராமைக் காப்பி செய்து, அதற்கு வேண்டிய லைப்ரரிகளை இன்டர்நெட்டிலிருந்து புதிதாக இறக்கிப் போட்டேன். எடை அடிக்கிற பகுதியைத் தட்டிப் பார்த்தேன், ஓடியது. சீட்டுப் போடுகிற பகுதியைப் பார்க்கவில்லை. அதே புரோகிராம்தானே என்று விட்டுவிட்டேன். மணி பதினொன்று, வீட்டில் தோசை ஆறிக்கொண்டிருந்தது.

லைப்ரரி என்றதும் 'சத்தம் போடாதே' என்று போர்டு மாட்டிய இடத்தை நினைக்காதீர்கள். சமையல்காரர் மிளகாய்ப்பொடியைத் தானே அரைக்காமல் மில்லில் வாங்கிக்கொள்கிற மாதிரி, யாரோ எழுதிச் சோதித்து வைத்த புரோகிராம் துண்டுகளை நாம் எடுத்துக்கொள்கிறோம். அதற்கு அந்தப் பெயர். என் புரோகிராமில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பாண்டாஸ். மூங்கில் தின்னும் கரடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெஸ் மெக்கின்னி என்பவர் 2008-ல் ஆரம்பித்தது, எண்களை அட்டவணையாக அடுக்கிக் கூட்டிக் கழிக்கும். இன்னொன்று எஸ்க்யூஎல் ஆல்கெமி. ஆல்கெமி என்றால் ரசவாதம். கொல்லிமலைச் சித்தர்கள் செம்பைப் பொன்னாக்கினார்கள் என்பார்களே, அந்த வித்தை. இங்கே அதற்குத் துபாஷி உத்தியோகம். என் புரோகிராம் ஒரு பாஷை, டேட்டாபேஸ் ஒரு பாஷை. நடுவில் நின்று கேள்வியைக் கொண்டுபோய், பதிலைக் கொண்டுவரும். அந்தக் கேள்விக்குத்தான் எங்கள் தொழிலில் க்வெரி என்று பெயர்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. மண்டி வாசலில் கவிழ்த்த கூடைகளின் மேல் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ராத்திரி பஸ்ஸுக்குப் பழனி போகிறவர், பையோடு வந்திருந்தார். முதலாளி பணக்கட்டை எடுத்து வைத்துக்கொண்டார். பட்டனைத் தட்டினேன்.

சீட்டு வரவில்லை. பத்துப் பதினைந்து வரி சிவப்பு எழுத்து வந்தது. கடைசி வரி: 'ஆப்ஷன்எஞ்சின் ஆப்ஜெக்ட் ஹேஸ் நோ அட்ரிப்யூட் எக்ஸிக்யூட்.'

எஞ்சினுக்கு எக்ஸிக்யூட் என்கிற குணம் இல்லையாம். அதாவது, வேலைக்காரர் வந்திருக்கிறார், வேலை செய்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அரசாங்க ஆபீஸ்களில் பார்த்திருக்கிறேன், என் புரோகிராமில் அதுதான் முதல் தடவை.

க்வெரியில்தான் தப்பு என்று முடிவு கட்டினேன். ஒரு கமாவை எடுத்தேன், திரும்பப் போட்டேன். பெரிய க்வெரியை இரண்டாக உடைத்தேன். எஞ்சினை நேராகக் கொடுக்காமல் அதிலிருந்து ஒரு கனெக்ஷனை எடுத்துக் கொடுத்தேன். உடனே வேறு எரர் வந்தது: 'நாட் ஆன் எக்ஸிக்யூட்டபிள் ஆப்ஜெக்ட்.' அடுத்த வரியில் என் க்வெரியையே எடுத்துப் போட்டு, இது செய்யக்கூடிய காரியமே இல்லை என்றது. நேற்று வரை செய்துகொண்டிருந்த காரியம்!

"கண்ணு, எப்ப வரும்?" என்றார் ஒரு பாட்டி.

"சர்வர் கொஞ்சம் ஸ்லோ பாட்டி."

சர்வர் என்பது என் காலடியில் இருந்த அதே பெட்டிதான்.

ஆறரை மணிக்கு முதலாளி எழுந்து வந்தார். "தம்பி, என்னாச்சு?"

"நேத்து வரைக்கும் நல்லா ஓடிட்டிருந்துச்சுங்க" என்றேன்.

முதலாளி எடை போடுகிற பையன் பக்கம் திரும்பினார். "ஏண்டா, நீ இதுல கேம் கீம் ஏத்தி விளையாண்டியா?"

"இல்லீங்க" என்றான் அவன். நம்பவில்லை. நாலு பேர் முன்னால் நன்றாகத் திட்டு விழுந்தது. "நாளையில இருந்து வராதே" என்கிற வரைக்கும் போனது. பையன் என்னைப் பார்த்தான். நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது எனக்கும் தெரியும்.

அப்போது பின்னால் ஒரு செருமல். கணக்குப்பிள்ளை சிட்டையோடு நின்றார். நிறுத்தச் சொன்ன பிறகும், தன் திருப்திக்காகத் தினமும் எடை எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "முதல்ல பழனி போறவர் கணக்கைப் பார்த்துரலாங்க. பஸ் போயிரும்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஒவ்வொருவராகக் காசு வாங்கிக்கொண்டு போனார்கள். பாட்டி எண்ணி முடிச்சுப் போட்டுக்கொண்டு, போகிறபோது என் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

பாதிப்பேர் போனதும் பெரியவர் நிமிர்ந்து என்னிடம் கேட்டார்: "தம்பி, பழைய பெட்டியில ஓடுச்சுல்ல? அதுல என்ன இருந்துச்சு, இதுல என்ன இருக்குது? ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தீங்களா?"

கம்ப்யூட்டரைக் கையால் தொடாதவர் கேட்ட கேள்வி. பல் டாக்டரிடம் நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக வேலை பார்த்தேன். முதலில் க்வெரியை மட்டும் எடுத்து, துபாஷி இல்லாமல் டேட்டாபேஸிடமே நேராகக் கேட்டேன். சமர்த்தாகப் பதில் வந்தது. ஆக, க்வெரி நிரபராதி. அதன் மேல் இரண்டு மணி நேரம் பழி போட்டிருக்கிறேன், பையன் மேல் பழி விழுந்த மாதிரியே. அடுத்து, சாக்கு மூட்டைக்குப் பின்னால் கிடந்த பழைய கம்ப்யூட்டரை எடுத்துத் தூசி தட்டி, 'பிப் லிஸ்ட்' என்று அடித்தேன். போட்டிருக்கிற லைப்ரரிகளையும் அவற்றின் வெர்ஷன் எண்களையும் வரிசையாகக் காட்டும். புதுக் கம்ப்யூட்டரிலும் அடித்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தேன்.

பாண்டாஸ் இரண்டிலும் 1.5. ஆல்கெமி பழையதில் 1.4, புதியதில் 2.0.

விஷயம் இதுதான். 2023 ஜனவரி 26, நாம் கொடியேற்றி மிட்டாய் சாப்பிட்ட அன்றைக்கு, ஆல்கெமியின் 2.0 வெளியாகியிருக்கிறது. அதில் எஞ்சினிடம் நேராக 'எக்ஸிக்யூட்' சொல்லும் பழைய வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். வெறும் எழுத்தாகக் க்வெரியைக் கொடுத்தாலும் வாங்காது, முறைப்படி 'டெக்ஸ்ட்' என்று சுற்றிக் கொடுக்க வேண்டும். திடீரென்று செய்யவில்லை. 2021-ல் வந்த 1.4-லேயே, இதெல்லாம் போகப்போகிறது என்று எச்சரிக்கை கேட்க ஏற்பாடு வைத்திருந்தார்கள். கேட்காதவன் நான். பாண்டாஸ் 1.5-க்கும் புது வழக்கம் தெரியாது. அது பழைய துபாஷியை நினைத்து, பழைய மாதிரியே உத்தரவு போட்டது. அதன் 2.0 வந்து இந்தச் சண்டை தீர்ந்தது அந்த ஏப்ரலில்தான். ஆக, நான் மாட்டிக்கொண்டது சரியாக நடுவில்.

இறக்கும்போதே ஏன் யாரும் தடுக்கவில்லை? பாண்டாஸுக்கு ஆல்கெமி கட்டாயம் இல்லை, வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் இறக்கித் தருகிற 'பிப்', இரண்டுக்கும் ஜாதகம் பார்ப்பதில்லை. புதியது எதுவோ அதைக் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

'ஆல்கெமி ரெண்டுக்குக் கீழே இருப்பதைக் கொடு' என்று ஒரே ஒரு வரி அடித்தேன். முதலாளியின் செல்போன் இன்டர்நெட்டில் அரை நிமிஷம். பட்டனைத் தட்டினேன். நாற்பது சீட்டும் வந்தன. வாங்கிக்கொள்ள வாசலில் யாரும் இல்லை.

கணக்குப்பிள்ளையின் மொத்தத்தோடு ஒத்துப் பார்த்தோம். மூன்று ரூபாய் வித்தியாசம். "எரர் எங்கிட்ட இருக்காது" என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கினேன். அவர் இரண்டையும் ஒரு நோட்டம் விட்டார்.

"நீங்க தினக்கணக்கைப் பைசாவோட கூட்டிட்டு, கடைசியில முழு ரூபாய் ஆக்கறீங்க. நான் தினமும் ஆக்கிர்றேன். ரெண்டும் தப்பில்லை. ஆனா ரெண்டும் ஒண்ணில்லை." சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னார். "எனக்கு ஒம்பது வயசுல நயா பைசா வந்துச்சு தம்பி."

1957 ஏப்ரல் 1. ரூபாய்க்குப் பதினாறு அணா போய், நூறு நயா பைசா வந்த நாள். ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஓர் அணா என்றால் ஆறு, நாலணா என்றால் இருபத்தைந்து என்று அட்டவணை போட்டார்கள். "கடைக்காரர் நாலு மிட்டாய் நாலணாம்பார். நான் ஒரே தடவையா வாங்க மாட்டேன். ஒவ்வொண்ணா நாலு தடவை போவேன். ஆறு நாலு இருபத்திநாலு. ஒரு பைசா மிச்சம்!"

பழைய விலை, புதுக் காசு. இரண்டும் தனித்தனியே சரியான கணக்கு, சேர்கிற இடத்தில் ஓட்டை. அன்றைக்கு எனக்கு வந்த எரரும் அதேதான். அந்தக் காலத்து ஆட்கள் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர்கள். குழப்பம் வரும் என்று தெரிந்து, காசின் பெயரிலேயே 'நயா' என்று போட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் பழகி, 1964 ஜூனில்தான் அந்த 'நயா'வை எடுத்தார்கள். வெர்ஷன் எண் என்பது அதுதான்.

பெரியவர் தன் சிட்டையின் முதல் பக்கத்தைக் காட்டினார். எந்தத் தேதியிலிருந்து கமிஷன் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து கூடைக் கழிவு எவ்வளவு என்று மாற மாற எழுதி வைத்திருந்தார். "இது இல்லாம பழைய பக்கத்தைப் பார்த்தா, நான் எழுதுனது எனக்கே புரியாது." என் புரோகிராமில் அப்படி ஒரு பக்கம் இல்லை.

மண்டியை மூடுகிற நேரத்தில் முதலாளியிடம் போனேன். "பையன் மேல தப்பில்லைங்க. நேத்து ராத்திரி நான்தான் எல்லாத்தையும் புதுசாப் போட்டேன், சீட்டைச் சோதிக்காமப் போயிட்டேன். சிட்டை வேண்டாம்னு சொன்னதும் தப்புங்க." சொல்ல அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறரை மணிக்கே சொல்லியிருந்தால் ஒரு பையன் நாலு பேர் முன்னால் தலைகுனிந்திருக்க மாட்டான்.

முதலாளி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பையனைக் கூப்பிட்டு, "காலையில நேரத்துல வந்துரு" என்றார். மண்டிக்காரர்கள் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான். கணக்குப்பிள்ளையிடம் திரும்பி, "நீங்க எங்க போறீங்க? சிட்டை பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். என் மாலை மட்டும் இரண்டு வெள்ளிக்கிழமை வரவில்லை.

அமெரிக்காவிலும் இப்படித்தான். 2012 ஆகஸ்ட் 1-ல் நைட் கேப்பிட்டல் என்கிற பங்குவர்த்தகக் கம்பெனியில் எட்டு சர்வர்களில் ஏழுக்குப் புதுப் புரோகிராம் போட்டுவிட்டு எட்டாவதை விட்டுவிட்டார்கள். அதில் தூங்கிக்கொண்டிருந்த பழைய புரோகிராம் விழித்துக்கொண்டு தாறுமாறாகப் பங்குகளை வாங்கி விற்றது. முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். என்னுடையது மூன்று ரூபாய்.

ஆபீஸில் உங்களுக்கும் இது ஒரு நாள் வரும். வந்தால் க்வெரியைப் போட்டு அடிக்காதீர்கள். அதை மட்டும் தனியாக எடுத்து டேட்டாபேஸிடம் நேராகக் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால், கோளாறு நடுவில் நிற்பவர்களிடம். ஓடுகிற கம்ப்யூட்டரின் பட்டியலையும் ஓடாததின் பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள். வெர்ஷனில் முதல் எண் மாறியிருந்தால், பொதுவாக ஏதோ ஒரு பழைய வழக்கம் போயிருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் ஓடுகிற நல்ல நாளிலேயே 'பிப் ஃப்ரீஸ்' அடித்து, வருகிற பட்டியலை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். புது மெஷினுக்கு அதைப் பார்த்தே இறக்குங்கள்.

எங்கள் பட்டியலை பிரிண்ட் எடுத்துப் பெரியவரிடம் கொடுத்தேன். சிட்டையின் முதல் பக்கத்தில், கூடைக் கழிவுக்குக் கீழே ஒட்டிக்கொண்டார்.

2024-ல் ஒரு நாள் மண்டியிலிருந்து போன். மறுபடி சீட்டு வரவில்லை. இந்தத் தடவை 'எஞ்சினுக்குக் கர்சர் என்கிற குணம் இல்லை' என்று வந்ததாம். லீவுக்கு வந்திருந்த முதலாளியின் மகன், பழசாக இருக்கிறதே என்று பாண்டாஸை மட்டும் 2.2-க்கு ஏற்றியிருக்கிறான். அதற்கு ஆல்கெமி இரண்டாவது வேண்டும். எங்களிடம் இருந்தது 1.4. போன தடவை துபாஷி புதுசு, முதலாளி பழசு. இந்தத் தடவை நேர் எதிர்.

போன் பேசியது கணக்குப்பிள்ளை. "தம்பி, பாண்டாஸ் ஒட்டின சீட்டுல ஒண்ணு புள்ளி அஞ்சுன்னு இருக்குது. இவரு ரெண்டு புள்ளி ரெண்டு போட்டிருக்காரு. பழையதையே திரும்பப் போடச் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்கய்யா" என்றேன்.

ஐந்து நிமிஷத்தில் ஓடியது. நான் டவுன் பஸ்ஸிலிருந்துகூட இறங்கவில்லை.